விடியலுக்கு எத்தனை பெயர்? பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருந்தும் தமிழ் தேவை

சாட்ஸ்வொர்த் வகுப்பறை கேட்டது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்பில் 10 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சுவரில் மாட்ட ஒரு சொல் அட்டை தயாராகிறது. பொருள்: காலைப்பொழுது. பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு ஆங்கிலம். வைகறைக்கும் விடியலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், இரண்டும் மார்னிங்தானே என்கிறார்கள். ஆங்கிலமும் ஒரு காலத்தில் இந்தப் பொழுதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருந்தது என்று காட்டினால், தமிழின் பிரிவுகளும் பிடிபடும் என்று தோன்றுகிறது.

அட்டையின் இடப்பக்கம் வழக்கொழிந்த ஆங்கிலம், வட்டார ஆங்கிலம், கொச்சை. வலப்பக்கம் தமிழ். இதுவரை சேர்ந்தவை: ஊஃத், டேஸ்பிரிங், காக்குரோ, காக்ஷட், அண்டர்ன், ஃபோர்நூன், லைட்மன்ஸ், ஸ்கிரீஃக் ஓ டே, தி மோர்ன், ஸ்பாரோஸ் ஃபார்ட், டேகிளீன், ஓ டார்க் தர்ட்டி, டியூபிட். வலப்பக்கத்தில் பாதிக்கு மேல் "அதிகாலை" என்றே வந்து நிற்கிறது. அப்படியே எழுதுவதாக இருந்தால் அட்டையே தேவையில்லை.

கேட்க விரும்புவது மூன்று. இவற்றில் எது உண்மையில் காலை, எது இல்லை? ஒவ்வொன்றும் ஏறத்தாழ எத்தனை மணி? கொச்சைச் சொற்களைப் பள்ளிப் பிள்ளைகள் கண்ணில் படும் சுவரில் எழுதலாமா?


வெருலம் அகராதி எழுதியது:

முதலில் காக்ஷட்டை எடுத்துவிடுங்கள். அது அந்திப்பொழுது. வுட்காக் என்ற காட்டுப் பறவைக்கு வலை விரிக்கும் நேரம் என்று ஒரு விளக்கம், வீட்டுக் கோழியை அடைக்கும் நேரம் என்று இன்னொரு விளக்கம். இரண்டுமே சாயங்காலத்தில்தான் முடிகின்றன. காக் என்றால் சேவல்; சொல்லில் கோழியைக் கண்டதும் காலை என்று நினைப்பது இந்தச் சொல்லில் பலரும் செய்யும் தவறு.

அண்டர்னை வைத்துக்கொள்ளலாம், ஆனால் குறிப்போடு. பழைய ஆங்கிலத்தில் அது பகலின் மூன்றாம் ஓரை. அகராதிகள் காலை 9 மணி என்று போடும். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளுக்குத்தான் அந்தக் கணக்கு சரிவரும். அன்றைய ஓரை, சூரியன் எழுவதிலிருந்து விழுவது வரையுள்ள நேரத்தை 12 பங்காக்கியது. பருவத்துக்குப் பருவம் அதன் நீளம் மாறும். லண்டனில் ஜூன் மாத ஓரை ஒன்று ஏறத்தாழ 83 நிமிடம், டிசம்பரில் 39 நிமிடம்தான். எனவே "9 மணி" என்று எழுதாமல் "பகலில் கால் பங்கு கழிந்த நேரம்" என்று எழுதினால் எந்தப் பருவத்துக்கும் பொருந்தும்.

அண்டர்ன் பிறகு நகரத் தொடங்கியது. நண்பகல் பக்கம் போய், வட்டாரப் பேச்சில் பிற்பகலாகி, கடைசியில் பிற்பகல் தீனிக்கே பெயரானது. இதற்கு நேர் எதிராக நகர்ந்தது நூன். லத்தீனில் ஒன்பதாம் ஓரை, அதாவது பிற்பகல் 3 மணியை ஒட்டியது. 14ஆம் நூற்றாண்டுக்குள் அது 12 மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. பொழுதுச் சொல் ஒரே இடத்தில் நிற்காது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஃபோர்நூனுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். முற்பகல், அவ்வளவுதான்.

இனி உங்கள் முக்கியச் சிக்கல். எல்லாமே "அதிகாலை" ஆகிவிடுவதற்குக் காரணம், சொல்லைக் கடிகாரத்தில் வைத்துப் பார்ப்பதுதான். கடிகாரம் இல்லாத காலத்தில் பிறந்த சொற்கள் இவை. ஒவ்வொன்றும் ஓர் அடையாளத்தைப் பார்த்துப் பிறந்தது: ஒன்று ஒளியைப் பார்த்து, ஒன்று பறவைக் குரலைக் கேட்டு, ஒன்று மணியோசையைக் கேட்டு, ஒன்று வயிற்றுப் பசியைப் பார்த்து. தமிழிலும் அப்படியே. வெளுப்பது, புலர்வது, கோழி கூப்பிடுவது, வெள்ளி முளைப்பது எல்லாம் அடையாளங்கள். ஒளிச்சொல்லுக்கு ஒளிச்சொல், கோழிச்சொல்லுக்குக் கோழிச்சொல் என்று இணை சேருங்கள். பாதி அட்டை தானாகவே பிரிந்துவிடும்.

ஊஃத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் உங்கள் அட்டையின் சிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் ஊஃதா அல்லது ஊஃத் என்பது இரவின் கடைசிப் பகுதி. இருள் இன்னும் இருக்கிறது, ஆனால் இரவு முடியப்போகிறது. துறவியர் அந்த நேரத்தில் பாடும் வழிபாட்டுக்கு ஊஃத்சாங் என்று பெயர். தமிழில் இதற்கு ஒரே பொருத்தம் வைகறை. சிறுபொழுது ஆறில் இரவின் கடைசிப் பத்து நாழிகைதான் வைகறை. தொல்காப்பியம் வைகறையையும் விடியலையும் மருதத்துக்குத் தருகிறது. இரண்டு மொழியிலும் இந்தச் சொல் ஒளி வருவதற்கு முந்திய பொழுதுக்கு உரியது. "அதிகாலை" இங்கே ஒத்துவராது. காலை என்ற சொல்லே ஒளியை உள்ளே கொண்டுவந்துவிடும்.

ஊஃத்கேயரெ என்ற சொல்லை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். விடியுமுன் படுக்கையில் கிடந்து வருந்துவது என்று பொருள். அன்றைய மக்கள் நாள்தோறும் பேசிய சொல் என்பது போலப் பரப்புகிறார்கள். கிடைத்துள்ள பழைய ஆங்கில எழுத்துகள் அனைத்திலும் அது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: 10ஆம் நூற்றாண்டின் எக்சிட்டர் சுவடியில், கணவனைப் பிரிந்த பெண் பேசும் கவிதையில். ஒரு கவிஞர் ஊஃத் என்ற பொழுதையும் கேயரெ என்ற கவலையையும் சேர்த்துக் கட்டிய தொடர் அது. அட்டையில் சேர்க்கலாம், "ஒரே முறை பதிவானது" என்ற குறிப்போடு.

டேஸ்பிரிங்குக்கு வேறெங்கும் தேடவேண்டாம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் யோபு 38:12, லூக்கா 1:78 இரண்டிலும் இந்தச் சொல் இருக்கிறது. தமிழ் வேதாகமம் இரண்டிடத்திலும் "அருணோதயம்" என்கிறது. ஊற்று போல் பகல் பொங்கி எழுவதை ஆங்கிலம் சொல்கிறது. சிவப்பு எழுவதை அருணோதயம் சொல்கிறது. அடையாளம் வேறு, ஆனால் நம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் கோயிலில் கேட்டுப் பழகிய சொல். அதை மாற்றாதீர்கள்.

டான் என்ற சொல்லையும் பட்டியலில் சேருங்கள், பழையது இல்லை என்று விடவேண்டாம். முதலில் இருந்தது "பகலாகு" என்ற வினை. அதிலிருந்து டாயிங், டானிங் என்ற தொழிற்பெயர்கள் வந்தன. வால் அறுந்து டான் என்ற பெயர்ச்சொல் ஆனது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். நமக்கு விடி என்ற வினையிலிருந்து விடிதல், விடியல், விடிவு வருவது போல. விடியலுக்கு நேர் இணை இதுவே.


துறைமுக மணி எழுதியது:

மணிக்கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வெருலம் ஐயா சொன்னதுபோல் அடையாளத்தை வைத்துப் பிரிப்பதே முறை. ஆனால் பிள்ளைகள் எத்தனை மணி என்று கட்டாயம் கேட்பார்கள்.

நம் பள்ளிப் பாடத்தில் வைகறை 2 முதல் 6, காலை 6 முதல் 10 என்று போட்டிருக்கும். அதை அப்படியே டர்பனில் எழுதினால் டிசம்பரில் தவறாகிவிடும். இங்கே டிசம்பரில் 5 மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். 6 மணிக்கு முற்றத்தில் வெயில் விழுந்திருக்கும், அதை எப்படி வைகறை என்பது? ஜூனில் 6:50ஐ ஒட்டித்தான் எழும். அப்போது 6:15க்கும் வைகறையின் இருட்டு இருக்கும். எனவே சூரிய உதயத்தைச் சுழியமாக வைத்து, அதற்கு எத்தனை நிமிடம் முன் என்று எழுதுங்கள்.

வானியலில் விடியல் மூன்று படி. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும்போது கிழக்கில் முதல் மங்கல். 12 டிகிரியில் கடலின் விளிம்புக்கோடு தெரியத் தொடங்கும். விண்மீனும் தெரியும், விளிம்பும் தெரியும் என்பதால் மாலுமிகள் கோணம் அளக்க உகந்த நேரம் இதிலிருந்து தொடங்குகிறது. 6 டிகிரியில் விளக்கில்லாமல் வெளியே வேலை பார்க்கலாம். டர்பனில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இந்த மூன்றும் உதயத்துக்கு ஏறத்தாழ 79, 51, 24 நிமிடம் முன்பு வரும்.

இதை நம் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். பிரம்ம முகூர்த்தம் என்பது உதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்கி 48 நிமிடம் முன் முடிவது. டர்பனில் அது முழு இருளில் தொடங்கி, கடல் விளிம்பு தெரியத் தொடங்கும் வேளையில் முடிகிறது. ஊஃத் என்பதும் இதே இடம். கடைசி 24 நிமிடம்தான் "பலபலவென்று விடிந்தது" என்று சொல்லும் நேரம். ஆங்கிலத்தில் பிரேக் ஆஃப் டே, கிராக் ஆஃப் டான் இரண்டையும் இங்கே வைக்கலாம்.

லண்டனில் மார்ச் மாதத்திலேயே அந்தக் கடைசிப் படி 33 நிமிடம் ஓடும்; ஜூனில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல். ஜூனில் அங்கே சூரியன் 18 டிகிரி ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. இரவு முழுவதும் வடக்கே ஒரு வெளிறல் இருந்துகொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தில் இன்னும் நீளும். சென்னையில் 21 நிமிடத்தில் முடிந்துவிடும் விடியலை வைத்து வடக்கத்திச் சொற்களை அளந்தால் அவை எல்லாம் ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை.

காக்குரோ, அதாவது சேவல் கூவல், பற்றி ஓர் எச்சரிக்கை. மாற்கு 13:35இல் சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை என்று நான்கு வரும். அவை ரோமானியரின் நான்கு இரவுக் காவல்கள். சேவல் கூவும் நேரம் அங்கே மூன்றாம் காவல், அதாவது நள்ளிரவு முதல் 3 மணி வரை. விடியலே இல்லை. எனவே வேதாகமத்திலிருந்து எடுத்தால் "மூன்றாம் சாமம்" என்ற குறிப்பு தேவை.

கப்பல் கணக்கு எளிது. நள்ளிரவு முதல் 4 வரை நடுக்காவல், 4 முதல் 8 வரை காலைக் காவல், 8 முதல் 12 வரை ஃபோர்நூன் காவல். அரை மணிக்கு ஒரு மணியோசை கூடும். 4:30க்கு ஒன்று, 8:00க்கு எட்டு. கப்பல்காரர் "காலைக் காவலில் மூன்று மணி" என்றால் 5:30.

ஓ டார்க் தர்ட்டி எந்த மணியும் இல்லை. அமெரிக்கப் படையில் 04:30ஐ "ஓ ஃபோர் தர்ட்டி" என்பார்கள். அந்த எண் இருக்கவேண்டிய இடத்தில் "இருட்டு" என்று போட்டுவிட்டார்கள். 12:30 என்று மொழிபெயர்ப்பது முழுத் தவறு. "விடியாத நேரத்தில்" என்று எழுதுங்கள். ஸ்மால் அவர்ஸ் என்பதையும் சேருங்கள்: 1, 2, 3 என்று எண் சின்னதாக இருக்கும் மணிகள், ஸ்காட்லாந்துக்காரர் "வீ" என்ற தங்கள் சொல்லைப் போட்டு வீ அவர்ஸ் என்பார்கள். பின்சாமம் என்பது அதற்குப் போதும்.


சாட்ஸ்வொர்த் வகுப்பறை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. காக்ஷட் நீங்கியது. மணி எண்களை அழித்து, உதயத்துக்கு முன் எத்தனை நிமிடம் என்று ஒரு கோடு வரைந்தாயிற்று. மீதி இருப்பவை: தி மோர்ன், லைட்மன்ஸ், ஸ்கிரீஃக் ஓ டே, ஸ்பாரோ, டேகிளீன், டியூபிட். தி மோர்னுக்குக் "காலை" என்று எழுதியிருக்கிறது, அது சரிதானா? காக்குரோவுக்குக் "கோழி கூப்பிடும் நேரம்" என்று எழுதக்கூடாதா?


மாரிட்ஸ்பர்க் பள்ளி அக்கா எழுதியது:

தி மோர்ன் காலை இல்லை, நாளை. ஸ்காட்லாந்துப் பேச்சில் "தி மோர்ன்" என்றாலே நாளைக்கு. நாளைக் காலை என்று சொல்ல "தி மோர்ன்ஸ் மோர்ன்" என்பார்கள். நாளை இரவு "தி மோர்ன்ஸ் நிஃக்ட்". கவிதையில் தனியாக வரும் மோர்ன் மட்டும் காலை. முன்னால் "தி" இருக்கிறதா, பேசுபவர் ஸ்காட்லாந்தா என்று பார்க்காமல் மொழிபெயர்த்தால் ஒரு நாளே மாறிப்போகும்.

இது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மிக எளிதாகப் புரியும், ஏனென்றால் ஆப்பிரிக்கான்ஸில் இதே நிலை. மோரெ என்றால் காலை வணக்கம், மோரெ என்றால் நாளை. வேரும் ஒன்றேதான்: பழைய ஆங்கிலத்தில் மோர்கென், டச்சில் மோர்கென். ஆங்கிலத்தில் அது இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை மோர்ன், இன்னொன்று மாரோ. மாரோ முதலில் காலையைக் குறித்து, பிறகு அடுத்த நாளைக் குறித்தது. டுமாரோ என்பதன் உள்பொருள் "விடியலுக்கு". மார்னிங் இவற்றுக்குப் பிந்திப் பிறந்தது, ஈவ்னிங் என்ற சொல்லைப் பார்த்து அதே வார்ப்பில் 13ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவானது.

சுலுவிலும் அப்படியே. "குசா" என்றால் விடிதல். அதிலிருந்து எகுசேனி காலையில், குசாசா நாளை. ம்புமலாங்கா மாகாணத்தில் உள்ள குசிலே மின்நிலையத்தின் பெயருக்கு "விடிந்துவிட்டது" என்று பொருள். தமிழில் ஊர்ப்பேச்சில் "விடிஞ்சா வர்றேன்" என்பது நாளைக்கு வருகிறேன் என்பதுதானே. நான்கு மொழியும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இதற்கு அட்டையில் தனி வரி கொடுங்கள். நாள் விளக்கமாக "இரவைத் தாண்டினால் அடுத்த நாள்" என்று எழுதினால் போதும்.

கூடவே மோர்கென் என்ற நில அளவையும் சொல்லலாம். ஒரு காலைப்பொழுதில் உழக்கூடிய நிலம் என்பதிலிருந்து வந்தது. கேப், டிரான்ஸ்வால் பகுதிப் பழைய பத்திரங்களில் இருக்கும், ஏறத்தாழ 0.8565 ஹெக்டேர், 2 ஏக்கருக்குச் சற்று மேல். பத்திரத்தில் மோர்கென் என்று கண்டு காலையைத் தேடக்கூடாது.

லைட்மன்ஸை எந்த இடத்தில் வைப்பது என்பதில் கவனம் வேண்டும். அது திருடர், நாடோடிகளின் குழூஉக்குறி. கென்ட் பகுதியில் வாழ்ந்த தாமஸ் ஹார்மன் 1567 பதிப்பில் இதைப் பதிவு செய்தார். "மன்ஸ்" என்பது அந்தப் பேச்சின் வால்: லைட்மன்ஸ் பகல், டார்க்மன்ஸ் இரவு, கிராக்மன்ஸ் வேலி. சொல்லின் அடிப்படைப் பொருள் பகல்தான். ஆனால் ஹார்மன் தரும் உரையாடலில் ஒருவர் இன்னொருவரை "பீன் லைட்மன்ஸ்" என்று வரவேற்கிறார். பீன் என்றால் நல்ல. அதற்கு ஹார்மனே எழுதும் பொருள் குட் மாரோ. ஆகவே தனிச்சொல்லுக்குப் "பகல்", வாழ்த்துக்குக் "காலை வணக்கம்" என்று இரண்டாகப் போடுங்கள். வெறுமனே "காலை" என்று எழுதினால் டார்க்மன்ஸ் மாலையாகிவிடும், அது பிழை.

காக்குரோவுக்குக் "கோழி கூப்பிடும் நேரம்" என்றே எழுதுங்கள். துறைமுக மணி அண்ணன் சொன்ன மூன்றாம் சாமம் வேதாகமத்துக்கு மட்டும் பொருந்தும். பிற்கால ஆங்கிலப் பேச்சில் அது விடியற்காலைதான். சேவலும் ஒரே தடவை கூவி நிறுத்துவதில்லை. அதனால்தான் நம்மிடம் தலைக்கோழி கூவுவது என்று முதல் கூவலைத் தனியாகச் சொல்லும் வழக்கு இருக்கிறது. வேதாகமத்துக்குத் தலைக்கோழி, பேச்சு வழக்குக்குக் கோழி கூப்பிடும் நேரம் என்று பிரித்தால் இரண்டும் நிற்கும்.


டோங்காட் சொல்வேட்டை எழுதியது:

கொச்சைச் சொல் பற்றி.

ஸ்பாரோஸ் ஃபார்ட் என்பது நேரடியாகச் சொன்னால் குருவி குசு விடும் நேரம். 19ஆம் நூற்றாண்டு யார்க்ஷயர் வட்டாரச் சொல் தொகுப்பிலேயே "மிக அதிகாலை" என்ற பொருளில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இங்கே தென்னாப்பிரிக்காவிலும் இன்றும் புழங்குகிறது. பாதியை விழுங்கி "அட் ஸ்பாரோஸ்" என்று மட்டும் சொல்வார்கள். பிள்ளைகள் இதைத் தெருவில் கேட்டிருப்பார்கள். மரியாதைக்காக "குருவி இருமும் நேரம்" என்ற மாற்று ஆங்கிலத்திலேயே உண்டு. சுவருக்கு அதைப் போடுங்கள். தமிழில் "குருவி சத்தம் கேட்கும் நேரம்". பறவைச்சொல்லுக்குப் பறவைச்சொல் ஆகிவிடும், முகம் சுளிக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் விடியலுக்கு ஒரு பழைய சொல் கறுப்பினக் குழந்தைகளை இழிவாகச் சொல்லும் பெயரோடு சேர்ந்தது. இந்த நாட்டில் அந்தப் பெயர் யாரைக் காயப்படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். அதை எந்தக் குறிப்போடும் சேர்க்கக்கூடாது.

டேகிளீனுக்கு மிகப் பொருத்தமான தமிழ் உங்கள் பட்டியலில் இல்லை: வெள்ளென. அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் குல்லா மக்கள் பேசும் மொழியில் டேகிளீன் என்றால் பகல் தெளிவாகிவிட்ட விடியல். கயானாவிலும் கரீபியத் தீவுகளிலும் கேட்கலாம். இருட்டு என்னும் அழுக்கு கழுவப்பட்டுப் பகல் சுத்தமாகிறது என்ற பார்வை மேற்கு ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து கடல் கடந்து வந்தது. தென் மாவட்டங்களில் "வெள்ளெனா எந்திரி" என்பதும் இருட்டுக் கழிந்து வெண்மை வருவதையே சொல்கிறது. கரீபியத்திலேயே ஃபோர்டே மார்னிங் என்றொரு சொல்லும் உண்டு. அது பகலுக்கு முந்தியது, இருட்டு நேரம். இரண்டையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு வரிசை தெரியும்: ஃபோர்டே முதலில், டேகிளீன் பிறகு. கருக்கலோடு கிளம்பி வெள்ளென வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு தமிழ் வாக்கியத்தில் இரண்டையும் பழக்கலாம்.

கருக்கல் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு குறிப்பு போடுங்கள். அது விடியலின் மங்கலுக்கும் வரும், அந்தியின் மங்கலுக்கும் வரும். ஆங்கிலத்தில் அதற்கு இணை ட்வைலைட். அதுவும் இருபக்கமும் நிற்கும் சொல்.

ஸ்கிரீஃக் ஓ டே: ஸ்கிரீஃக் என்றால் கிறீச்சென்ற கத்தல். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலும் வழங்கும். பகலே கத்திக்கொண்டு வருவது போல் இருக்கிறது, இல்லையா? அதே பகுதியில் கீக் ஓ டே என்றும் உண்டு. கீக் என்றால் எட்டிப் பார்ப்பது. முதலாவது காதுக்கு, இரண்டாவது கண்ணுக்கு. கீக் ஓ டேவுக்குப் "பொழுது எட்டிப் பார்க்கும் நேரம்" என்று எழுதலாம். ஸ்கிரீஃக்குக்குப் "பறவை கத்தத் தொடங்கும் விடியல்".

டியூபிட் பொழுதே இல்லை, தீனி. பனி உலரும் முன் வயலுக்குப் போகிறவர் வாயில் போட்டுக்கொள்ளும் சிறு துண்டு. காலைச் சாப்பாடு அதற்குப் பிறகு வரும். தென் இங்கிலாந்து வட்டாரச் சொல். அறுவடைக்கு முன் குடிக்கும் பீருக்கு டியூ டிரிங்க் என்று பெயர். தமிழில் ஒரே சொல்லாகத் தேட வேண்டாம், "பனி உலரும் முன் தின்னும் கடி" என்று விளக்கிவிடுங்கள். இதே வகைப் பொறி ஒன்று ஸ்காட்லாந்துப் பேச்சில் இருக்கிறது: ஒருவர் "தன் மார்னிங்கை எடுத்துக்கொண்டார்" என்றால் காலையில் ஒரு வாய் சாராயமோ சிறு தீனியோ எடுத்துக்கொண்டார் என்று பொருள்.

நாக் அப் என்பதை யாராவது சேர்க்கச் சொன்னால் கவனம். பிரிட்டனில் அது கதவைத் தட்டி எழுப்புவது. ஆலை ஊர்களில் நீண்ட கழியால் சன்னலைத் தட்டித் தொழிலாளரை எழுப்பக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள், அவர்களுக்கு நாக்கர் அப் என்று பெயர். அமெரிக்கப் பேச்சில் அதே தொடருக்குக் கருவுறச் செய்வது என்று பொருள். பதினாறு வயதுப் பிள்ளைகள் இரண்டாவதைத்தான் முதலில் நினைப்பார்கள்.


சாட்ஸ்வொர்த் வகுப்பறை எழுதியது:

வெள்ளென என்ற சொல் நினைவுக்கே வரவில்லை. மிக்க நன்றி. டியூபிட் கீழே தனிப் பெட்டிக்குப் போகிறது. கடைசியாக இரண்டு ஐயம். புதிதாக ஒரு சொல் கிடைத்தால் அது உண்மையானதா, இணையத்தில் யாரோ கட்டியதா என்று எப்படிச் சோதிப்பது? ஊஃத்தைப் பிள்ளைகள் "உத்" என்றும் "உட்" என்றும் படிக்கிறார்கள், எது சரி?


வெருலம் அகராதி எழுதியது:

சோதனை முதலில். சொல் எந்தக் காலத்தது என்று கேளுங்கள். பழைய ஆங்கிலம் என்றால், அதாவது ஏறத்தாழ 1100க்கு முந்தியது என்றால், பாஸ்வொர்த்-டோலர் அகராதியில் இருக்க வேண்டும். அங்கே எந்தச் சுவடியில் வந்தது என்று மேற்கோளும் இருக்கும். வட்டாரச் சொல் என்றால் ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட வட்டார அகராதி. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எந்தக் கவுண்டி (மாவட்டம்) என்று சுருக்கக் குறி இருக்கும். அந்தக் குறியைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் ஒரே சொல் ஒரு கவுண்டியில் விடியலாகவும் பக்கத்துக் கவுண்டியில் அந்தியாகவும் இருக்கக்கூடும். நம் நாட்டு ஆங்கிலத்துக்கு ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1996இல் வெளிவந்த வரலாற்று முறை அகராதி இருக்கிறது. இவை மூன்றும் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன.

இந்த அகராதிகளில் இல்லாமல், "அழகான பழஞ்சொற்கள்" என்ற படங்களில் மட்டும் சுற்றும் சொல்லை அட்டையில் ஏற்றாதீர்கள். அகராதியில் இருந்தாலும் ஒரே ஒரு மேற்கோள்தான் என்றால் அதையும் எழுதுங்கள். மேற்கோளின் ஆண்டையும் பாருங்கள். பொருள் காலையாக இருந்தபோது எழுதியதா, நகர்ந்த பிறகு எழுதியதா என்பது அண்டர்ன் போன்ற சொல்லில் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

உச்சரிப்பு. அந்தச் சொல்லில் உயிர் நெடில், ஊ. அதற்கடுத்து வரும் ஒலி இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஏரியை "லாஃக்" என்று சொல்லும்போது கடைசியில் தொண்டையை உரசும் ஒலி அது. நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி: பள்ளியில் ஆப்பிரிக்கான்ஸ் படித்தவர்கள், "நல்லது" என்று பொருள்படும் குட் என்ற சொல்லின் முதலில் அந்த உரசலைச் சொல்லிப் பழகியிருப்பார்கள். தமிழில் அஃது, எஃகு என்பவற்றில் ஆய்தம் நிற்கும் இடத்தில் அதை வைத்தால் போதும். எனவே அட்டையில் ஆய்தத்தை விடாமல் "ஊஃத்" என்றே எழுதி, பக்கத்தில் "எஃகில் உள்ள ஃ" என்று சின்னதாகக் குறியுங்கள். தகரம் மட்டும் ஆங்கிலத்து டகரத்துக்கு நெருக்கமாக, நாக்கு மேல்பல்லுக்குப் பின்னுள்ள ஈற்றைத் தொட ஒலிக்க வேண்டும்.